23-ம் தேதி ராத்திரி ஜி.எஸ்.டி. ரோடு: சென்னையிலிருந்து கிறிஸ்துமஸுக்குத் தெற்கே கார் ஓட்டுபவர்களுக்கு

கிறிஸ்துமஸ் நெரிசலைத் தீபாவளி நெரிசலின் தம்பி என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் பெருங்களத்தூரில் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு ரகம். தீபாவளிக்குச் சென்னை எல்லாத் திசையிலும் காலியாகும். வேலூர்ப் பக்கம் கொஞ்சம், சேலம் கோவைப் பக்கம் கொஞ்சம், தஞ்சாவூர்ப் பக்கம் கொஞ்சம் என்று கூட்டம் பிரிந்துவிடும். கிறிஸ்துமஸுக்குப் பெரும்பகுதி தெற்கே மட்டும்தான் இறங்குகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் எதுவானாலும் முதல் முந்நூறு கிலோமீட்டருக்கு எல்லோருக்கும் ஒரே சாலை, ஜி.எஸ்.டி. ரோடு என்கிற சென்னை–திருச்சி நெடுஞ்சாலை.

நேரமும் இறுக்கம். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு 23-ம் தேதி வாக்கில் முடியும். கத்தோலிக்கக் கோயில் என்றால் 24-ம் தேதி இரவு பதினொன்றரைக்கு நடுச்சாமப் பூசை, புராட்டஸ்டன்ட் சி.எஸ்.ஐ. சபை என்றால் 25 விடியற்காலை ஆராதனை. பள்ளிக்கூட வாசலுக்கும் கோயில் வாசலுக்கும் நடுவே ஒன்றரை நாள்கூட இல்லை. அதற்குள் எழுநூறு கிலோமீட்டர். இதோடு மார்கழி. அதே சாலையில் மேல்மருவத்தூருக்குப் போகும் செவ்வாடைக் கூட்டத்தின் பேருந்துகள், மண்டல பூஜைக்கு முந்திய கடைசி வாரத்தில் சபரிமலை வேன்கள். 2026 மாதிரி 25-ம் தேதி வெள்ளிக்கிழமை வந்தால், சனி, ஞாயிறைச் சேர்த்துச் சுற்றுலா போகிறவர்களும் இதே வரிசையில்தான் வந்து நிற்பார்கள்.

ஆகவே எந்தச் சாலை என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை மணிக்குத் தாம்பரம் தாண்டுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

23-ம் தேதி மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் காரை இறக்கவே கூடாது. தென்மாவட்ட ஆம்னி பஸ், அரசு விரைவுப் பேருந்து எல்லாம் புறப்படுவது அந்த நேரத்தில்தான். அலுவலகம் முடிந்து கிளம்பும் கார்களும் அப்போதுதான் சேரும். எட்டு மணிக்குத் தாம்பரத்தில் இருந்தால் பரனூர் சுங்கச்சாவடியைப் பத்தரை, பதினொன்றுக்குப் பார்க்கலாம். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு இவ்வளவு நேரம். அது போகட்டும், அதைவிட மோசமானது அதற்குப் பிறகு வருகிறது. கிளட்ச் மிதித்துக் கால் ஓய்ந்த அதே ஆள், பெரம்பலூருக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவே மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓட்ட வேண்டியிருக்கும். உடம்புக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும் நேரம் அது. சாலையோ நேர்க்கோடு, இருட்டு. ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரி தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இரண்டு நேரம் நல்லது. பிள்ளைகளுக்குத் தேர்வு முன்னதாக முடிந்தால் 23-ம் தேதி காலை பத்து, பதினொன்றுக்குள் தாம்பரம் தாண்டிவிடுங்கள். இரவு சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். முடியாவிட்டால் 24 அதிகாலை மூன்று மணி. முதல் நாள் இரவு கிளம்பிய கூட்டம் அதற்குள் விழுப்புரம் தாண்டியிருக்கும். மூன்றுக்குத் தாம்பரம், எட்டு மணிவாக்கில் திருச்சி, சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு மதுரை, ஒரு மணிக்குத் திருநெல்வேலி, இரண்டரைக்கு நாகர்கோவில். நடுச்சாமப் பூசைக்கு முன் ஒரு குட்டித் தூக்கமும் போடலாம். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: ஓட்டுகிறவர் 23 இரவு எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். பெட்டி கட்டுவது, கேக் வாங்குவது, ஸ்டாரைக் கழற்றி வைப்பது எதுவும் அவர் தலையில் வரக்கூடாது. வீட்டில் முதலில் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

பெருங்களத்தூர் முதல் செங்கல்பட்டு வரை ஏன் அப்படி அடைக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே எப்படி ஓட்டுவது என்பதும் தெரிந்துவிடும். மீஞ்சூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை வண்டலூரில்தான் ஜி.எஸ்.டி.யில் கொட்டுகிறது. வடசென்னைக்காரர்கள் நகரத்துக்குள் வராமல் தப்பித்து, மிகச் சரியாக நெரிசலின் கழுத்தில் வந்து இறங்குகிறார்கள். அடுத்தது 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம். உள்ளே போகும் பஸ், வெளியே வரும் பஸ், ஆளை இறக்கிவிட வந்த கார், ஆட்டோ, பெட்டியோடு சாலையைக் கடக்கும் குடும்பம். அதன் பின் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் காத்திருப்பார்கள். பஸ்காரர் ஓரம் கட்ட மாட்டார். இடது லேனிலேயே நிறுத்தித்தான் ஏற்றுவார். வலக்கோடியில் நடுத்திட்டு திறப்பில் யூ டர்ன் எடுக்க நிற்கும் வண்டிகள். ஆக இடக்கோடியும் அடைப்பு, வலக்கோடியும் அடைப்பு. நடு லேன் பார்வைக்கு மெதுவாகத் தோன்றினாலும் கடைசியில் முதலில் போய்ச் சேர்வது அதுதான். லேன் மாறி மாறிப் புகுந்து ஓட்டுகிறவர் பரனூரில் உங்களுக்கு ரெண்டு கார் முன்னால் நிற்பார், அவ்வளவுதான்.

அகலமாக இருக்கிற சாலை செங்கல்பட்டுக்கு அப்பால் நாலு வழியாகச் சுருங்குவதும், நடுவில் சுங்கச்சாவடி இருப்பதும், பாலாற்றுப் பாலமும் சேர்ந்து ஒரு புனல் மாதிரி வேலை செய்கின்றன. புனலின் வாயில் எத்தனை லேன் போட்டாலும் குழாய் அதேதான்.

மேப் செயலி இந்த நேரத்தில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி உட்தெருக்களைக் காட்டி எட்டு நிமிடம் மிச்சம் என்று ஆசை காட்டும். கேட்காதீர்கள். அதே யோசனை உங்களுக்கு முன்னால் இருநூறு பேருக்குப் போயிருக்கும். தெருவில் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தால் தீர்ந்தது. திரும்பவும் மெயின் ரோட்டில் நுழைய யாரும் வழிவிட மாட்டார்கள்.

உருப்படியான மாற்றுவழி நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பூந்தமல்லி, போரூர்ப் பக்கத்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலில் வந்து சேரலாம். வண்டலூரும் கிளாம்பாக்கமும் கழன்றுவிடும். சோழிங்கநல்லூர், சிறுசேரிக்காரர்கள் ஓ.எம்.ஆரிலேயே திருப்போரூர் போய் அங்கிருந்து செங்கல்பட்டு. இந்தத் திருப்போரூர்ச் சாலை சில இடங்களில் காப்புக்காட்டை ஒட்டிப் போகும், விளக்கு குறைவு, மாடு குறுக்கே வரும்; அறுபதுக்கு மேல் வேண்டாம். ஈ.சி.ஆர். வழியாக மரக்காணம் போய்த் திண்டிவனத்தில் ஏறுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாமல்லபுரம், புதுச்சேரி விடுமுறைக் கூட்டம் அங்கே ஏற்கெனவே நிற்கும். பகலில் பரவாயில்லை, 24 மாலையில் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

சுங்கச்சாவடி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று ஒரு டஜன் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நின்றாலே ஒரு மணி நேரம் போச்சு. அதனால் ஃபாஸ்டேக் வேலையை 22-ம் தேதியே முடித்துவிட வேண்டும். டேக்கில் பணம் இருந்தால் போதாது. அது முடக்கப்படாமல் இருக்கிறதா என்று வங்கியின் செயலியில் பாருங்கள். ஒட்டாமல் டேஷ்போர்டில் போட்டு வைத்துக் கையில் பிடித்துக் காட்டும் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதாக 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. கண்ணாடி மாற்றியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டேக் வேலை செய்யாதவர்களுக்கு யு.பி.ஐ. என்றால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கம் என்றால் இரு மடங்கு என்று 2025 நவம்பர் 15 முதல் ஆக்கினார்கள். பணம் போவதைவிட, அங்கே நீங்கள் பேசிக்கொண்டு நிற்கும் மூன்று நிமிடத்தில் பின்னால் உள்ள நாற்பது வண்டிகளின் ஹாரனைக் கேட்பதுதான் கொடுமை.

வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போகிறவர் ஆண்டு பாஸ் எடுப்பது லாபம். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 தடவை சாவடி தாண்டுவது, எது முதலில் வருகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். வாடகை வண்டிக்குக் கிடையாது. போக வர 24 தடவை கழியும்.

வரிசை தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு: வண்டிகளை எண்ணாதீர்கள், லாரி பஸ்ஸை எண்ணுங்கள். பத்துக் கார் நிற்கும் வரிசை, நாலு லாரி நிற்கும் வரிசையைவிட வேகமாக நகரும். முந்நூறு மீட்டருக்கு முன்பே முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். முன்வண்டிக்குப் பின்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விடுவது மரியாதைக்கு அல்ல. முட்டிக்கொண்டு நின்றால் கருவி முன்வண்டியை விட்டுவிட்டு உங்கள் டேக்கைப் படித்து, தடுப்பு அவருக்குத் திறந்துவிடும். உங்கள் முறை வரும்போது திறக்காது. பிறகு அந்தப் பஞ்சாயத்து வேறு. நூறு மீட்டருக்கு மேல் வரிசை நின்றால் கட்டணம் இல்லை என்ற பழைய விதியைச் சொல்லிச் சண்டை போடவும் வேண்டாம்; 2021-ல் வந்த அந்த ஏற்பாட்டை 2024-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இனி வண்டி. ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி, கேக் டப்பா, ஊருக்கு வாங்கிய துணிமணி. இந்தப் பாரத்தோடு போகும் கார் நகரத்தில் ஓடும் கார் அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கான காற்றழுத்தம் தனியாகப் போட்டிருக்கும். பின் சக்கரத்துக்குப் பெரும்பாலும் கூடுதல். அந்த அளவுக்குக் காற்று அடியுங்கள், அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பங்கில் அளந்தால் மூன்று நான்கு பவுண்டு கூடத்தான் காட்டும். அதிகமாக இருக்கிறது என்று அங்கே காற்றை இறக்குகிறவர்கள் குறைந்த காற்றில் மதுரை வெயிலில் ஓட்டுகிறார்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறித்தான் வெடிக்கிறது.

பலரும் தொட்டே பார்க்காத ஒரு திருகு இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம். அது ஹெட்லைட்டின் உயரத்தைக் கீழே இறக்குவது. டிக்கியில் பாரம் ஏறியதும் காரின் பின்புறம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கும்; லோ பீம் போட்டிருந்தாலும் எதிரே வருபவர் கண்ணில் ஹை பீம் மாதிரி அடிக்கும், உங்களுக்கோ காருக்கு முன்னால் கிட்டத்தில் உள்ள சாலை இருட்டாக இருக்கும். ஓட்டுநர் மட்டும் என்றால் 0. முழுப் பாரத்துக்கு வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணுக்கு வையுங்கள், பெரும்பாலும் 2 அல்லது 3. ஒரு நொடி வேலை. கிளம்புமுன் சுவருக்கு முன்னால் காரை நிறுத்தித் திருகிப் பார்த்தால் வெளிச்சம் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

முக்கோணப் பலகையும் ஜாக்கியும் பெட்டிகளுக்கு அடியில் போகக்கூடாது. ராத்திரி நெடுஞ்சாலையில் டிக்கியைக் காலி செய்துகொண்டு நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை. பழுதானால் 1033-க்கு அழைக்கலாம், தேசிய நெடுஞ்சாலை உதவி எண். வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல் எல்லோரும் இடப்பக்கத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள்.

மேனுவல் கியர் வண்டி நெரிசலில் கெடுவது கிளட்ச்சில். முன்வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நீங்களும் ஒரு அடி நகர்வது, அரைக் கிளட்ச்சில் தாங்கிப் பிடிப்பது, இரண்டும் தகட்டைத் தேய்க்கும். இரண்டு மூன்று கார் நீளம் இடம் விழட்டும். பிறகு முதல் கியரில் கிளட்ச்சை முழுக்க விட்டு, ஆக்ஸிலேட்டர் தொடாமல் ஊரவிடுங்கள். நடுவில் ஒருவர் நுழைவார். நுழையட்டும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். காகிதம் கருகுவது போல் வாடை வந்தால் அது முன்லாரியின் பிரேக் வாடையா உங்கள் கிளட்ச்சா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓரம் கட்டி அரை மணி ஆறவிடுங்கள். இன்ஜின் சூட்டு முள் ஏறினால் முதலில் ஏ.சி.யை அணையுங்கள், அப்படியும் ஏறினால் ஹீட்டரை முழுசாகப் போட்டு ஜன்னலைத் திறங்கள். வியர்க்கும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும். அடங்காவிட்டால் ஓரம் கட்டி நிறுத்தி ஆறவிடுவதுதான் வழி. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

பெட்ரோல் முதல் நாளே. மின்சாரக் கார்க்காரர்கள் இந்த இரண்டு நாளும் சார்ஜரில் வரிசை நிற்கும் என்றே கணக்குப் போட வேண்டும். பேட்டரி பத்து சதவீதத்துக்கு இறங்கும்வரை ஓட்டாமல், முப்பதில் இருக்கும்போதே காலியான சார்ஜர் கண்ணில் பட்டால் போட்டுவிடுங்கள். எண்பதுக்கு மேல் ஏற்றுவது மெதுவாகும் என்பதால் அதற்கு மேல் நிற்பது உங்களுக்கும் நஷ்டம், பின்னால் நிற்பவருக்கும்.

இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை திண்டிவனம், விக்கிரவாண்டி ஓட்டல்களில் ஆம்னி பஸ்கள் மொத்தமாக நிற்கும். சாப்பாட்டு ருசியைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது, அந்தப் பஸ்கள் மறுபடி சாலையில் ஏறும் விதம்: இருபது கிலோமீட்டர் வேகத்தில் நேராக வலது லேனுக்கு. ஓட்டல் வெளிச்சம் தெரிந்ததும் வலது லேனிலேயே நூறில் போகாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து எலுமிச்சை சாதமோ, பொடி தடவிய இட்லியோ எடுத்துக்கொண்டால் இந்த இடத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம்.

விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் டிசம்பரில் கரும்பு வெட்டு. டிராக்டரும் டிரெய்லரும் கரும்பு பிதுங்கப் போகும். பின்விளக்கு இருந்தாலும் தோகை மறைத்திருக்கும். சில வண்டிகள் ஒருவழியில் எதிர்த்திசையிலும் வரும். இடது ஓரத்தில் அப்படி ஒன்று எதிரே வரும் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

அதிகாலை மூன்றுக்குக் கிளம்புகிறவர்களுக்கு உள்ள ஒரே எதிரி பனிமூட்டம். பாலாறு, மதுராந்தகம் ஏரி, திண்டிவனம் வரை மார்கழி மூட்டம் திட்டுத் திட்டாக இறங்கும். நன்றாகத் தெரிந்துகொண்டே போய், திடீரென்று வெள்ளைச் சுவர். ஹை பீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமும் ஃபாக் லைட்டும் போதும். நாலு இண்டிகேட்டரையும் அடித்துக்கொண்டு ஓடாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா, லேன் மாறுகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. கண்ணாடி மங்கினால் முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் ஈரம் என்றால் ஏ.சி. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். வெளிப்பக்கம் ஈரம் என்றால் நேர் எதிர்: ஏ.சி. அதிகக் குளிர்ச்சியில் இருப்பதுதான் காரணம், குளிர்ச்சியைக் குறைத்து ஒருமுறை வைப்பர் போடுங்கள். இது தெரியாமல் வெளியே படிந்த ஈரத்துக்கு ஏ.சி.யை இன்னும் கூட்டுகிறவர்கள் ஏராளம்.

மழையை மறக்க வேண்டாம், வடகிழக்குப் பருவம் முடிந்திருக்காது. 2023-ல் டிசம்பர் 17, 18 தேதிகளில்தான் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரத்தை அடுத்த அரசூரில் வெள்ளம் புகுந்து சென்னை–திருச்சி சாலையே அறுந்தது. காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று செய்தி வந்தால் பயணத்தை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளுவது நல்லது. சாலைக்கு மேல் தண்ணீர் ஓடினால் ஆழம் தெரிந்தாலும் இறங்காதீர்கள், அடியில் தார் இருக்கிறதா என்பது தெரியாது.

திருச்சியில் காவிரிப் பாலத்தை ஒட்டிய சஞ்சீவி நகர் சந்திப்பும், 2025-ல் செயல்பாட்டுக்கு வந்த பஞ்சப்பூர் பேருந்து முனையமும் காலை எட்டு முதல் பத்து வரை இழுக்கும். எட்டுக்குள் தாண்டப் பாருங்கள். மதுரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஊருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலை பிடித்துக் கப்பலூர்.

திருநெல்வேலியைத் தொட்டதும் ஊர் வந்துவிட்ட நினைப்பு வரும், அங்கேதான் கவனம் வேண்டும். 24 மாலைக்கு மேல் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயப் பகுதியில் கூட்டம். வள்ளியூர், நாங்குநேரிப் பக்கத்து ஊர்ச்சாலைகளில் கேரல் பாடும் குழுக்கள் வேனுக்கு முன்னும் பின்னும் நடந்து வருவார்கள், பிள்ளைகள் பாதிச் சாலையில் இருப்பார்கள். காவல்கிணற்றில் நாகர்கோவிலுக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பியதும் தோவாளைப் பூச்சந்தை. அன்றைக்குப் பூ வாங்க வரும் வண்டிகள் சாலையோரத்தை அடைத்திருக்கும். நாகர்கோவிலுக்குள் வடசேரி, கோட்டாறு இரண்டும் துணிக்கடைக் கூட்டம். மாலை நான்கு மணிக்குமேல் நுழைந்தால் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் போகிறவர்கள் கீழே கடைத்தெருவில் இறங்காமல் மேம்பாலத்திலேயே போய்விடலாம்.

திரும்பி வருவது விடுமுறையின் கடைசி ஞாயிறு என்றால் மேலே சொன்ன புனல் தலைகீழாக நிற்கும்: மாலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை. நாகர்கோவிலில் அதிகாலை மூன்றரைக்கு எடுத்தால் பிற்பகல் இரண்டரைக்குள் பரனூர் தாண்டலாம். தாமதமாகி மாலையில் செங்கல்பட்டு வந்து சிக்கினால், குழந்தைகளையும் பெரியவர்களையும் கைப்பையோடு செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறக்கி மின்சார ரயிலில் ஏற்றிவிடுங்கள். பெட்டிகளோடு கார் பின்னால் வரட்டும். அவர்கள் தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருப்பார்கள், கார் அப்போதுதான் கூடுவாஞ்சேரியில் நிற்கும்.